முகத்துக்கு நேரே சொல்லாத சொல்

தச்சர் ஒருவரைப் பற்றி ஊரார் வம்பு பேசினால், அவர் இழைக்கும் பலகையின் வழவழப்பு அதனால் குறைந்துவிடுவதில்லை. என்போன்ற ரயில்வே குமாஸ்தாவைப் பற்றிப் பேசினாலும், ஒன்பதும் ஏழும் கூட்டினால் பதினாறாகவே நிற்கும். ஆனால் ஆசிரியர் நிலை அத்தகையதன்று. மாணவன் அவரை நம்பிச் செவி சாய்த்தாலன்றி அவர் நடத்தும் பாடம் அவன் உள்ளத்திற் புகாது. பெற்றோர் அவரை மதித்தாலன்றி மாணவனும் நம்பமாட்டான். ஆகவே சுண்ணக்கட்டி, கரும்பலகை ஆகியவற்றைப் போல, நற்பெயரும் ஆசிரியருடைய தொழிற்கருவிகளுள் ஒன்றாகும். அந்தக் கருவியைப் பிறர் கூடிப் பேசி மழுக்கிவிட்டால், அவர் எதைக் கொண்டு தொழில் செய்வார்?

இக்கேள்வியை எழுப்பியது ஒரு கடிதம். நம் சங்கக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருந்தார். தம் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். அவர் இந்நகரத்துப் பள்ளியொன்றில் பல்லாண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துபவர். பாடத்திற் பின்தங்கிய ஏழெட்டுப் பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, கட்டணம் எதுவும் பெறாமல் சொல்லிக்கொடுத்து வந்தார். இதைப் பற்றி ஆசிரியர் அறையிற் பேச்சு எழுந்தது. முதலில், ‘பதவி உயர்வுக்கு அடிபோடுகிறார்’ என்றார்கள். பின்னர், ‘மறைவாகப் பணம் வாங்குகிறார்’ என்றார்கள். இறுதியில், உடன் பணியாற்றும் ஒருவரோடு அவர் பெயரை இணைத்துப் பேசத் தொடங்கினார்கள். இவற்றுள் ஒரு சொல்லேனும் அவர் முகத்துக்கு நேரே சொல்லப்படவில்லை.

இப்போது அந்த மாலை வகுப்பு நின்றுவிட்டது. அம்மையார் நண்பகல் உணவை ஆசிரியர் அறையில் உண்பதில்லை. ஆளில்லாத வகுப்பறையில் தனியே அமர்ந்து உண்கிறார். கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியைக்குத் தம் பாடக் குறிப்புகளைக் கொடுக்கவும் அஞ்சுகிறார். கொடுத்தால் அதற்கும் ஒரு கதை பிறக்கும் என்று நினைக்கிறார். மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டால் பெற்றோரும் பேசுவார்களோ என்று, குறைக்க வேண்டிய இடத்திலும் கை தயங்குகிறதாம். இரவில் உறக்கமில்லை, காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது வயிற்றைப் பிசைகிறதாம். கடிதத்தின் இறுதியில், ‘என்னைப் பற்றிப் பேசியவர்கள் பேசட்டும், அந்தப் பிள்ளைகள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்?’ என்று கேட்டிருக்கிறார்.

இக்கடிதத்தில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வம்புப் பேச்சு ஆசிரியரின் மனத்தை மட்டும் புண்படுத்தி நின்றுவிடவில்லை. அவர் செய்கையையே மாற்றிவிட்டது. அவர் இப்போதும் குறித்த நேரத்தில் வருகிறார். குறித்த பாடத்தை முடிக்கிறார். எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் விதியில் எழுதப்படாத பணிகள் யாவும் நின்றுபோயின. பள்ளியை நல்ல பள்ளியாக ஆக்குவன பெரும்பாலும் அந்த எழுதப்படாத பணிகளே அல்லவா? வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் மேலதிகாரிக்கு இந்த இழப்புத் தெரியாது. பின்தங்கிய பிள்ளைக்கு மட்டுமே தெரியும். அதற்கோ எடுத்துச் சொல்லத் தெரியாது.

பணியிடத்து வம்பு எங்கும் உள்ளதே என்று சிலர் கூறலாம். உண்மைதான். என் காரியாலயத்து வங்காளி நண்பர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ‘பரநிந்தா, பரசர்ச்சா’ என்னும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘பி.என்.பி.சி.’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மாற்றல் உத்தரவு வரும் பருவத்தில் எங்கள் பிரிவிலும் இது தேநீருக்கு முன்னும் பின்னும் நடைபெறும். ஆயினும் எங்கள் பேச்சு எங்கள் மேசைகளோடு முடிகிறது. பள்ளியிலோ, ஓய்வு வேளையில் எல்லோரும் கூடுவதற்கு இருப்பது ஒரே அறை. அங்கே தொடங்கும் சொல் பிள்ளைகளின் காதுக்குப் போகிறது. பிள்ளைகளிடமிருந்து வீட்டுக்கு வருகிறது. வீட்டிலிருந்து கைப்பேசியில் உள்ள பெற்றோர் குழுவுக்குச் சென்று, மறுநாள் காலை பள்ளி வாயிலுக்கே திரும்பிவிடுகிறது. புறப்பட்டபோது இருந்ததைவிட நாலு மடங்கு பருத்துத் திரும்புகிறது.

இது புதிய நோய் என்று எண்ண வேண்டா. நாம் வாழும் இதே நகரத்தில், 1831-ஆம் ஆண்டில், ஓர் ஆசிரியரின் வேலை இத்தகைய பேச்சினாலேயே பறிபோயிற்று. அவர் பெயர் ஹென்றி லூயி விவியன் தெரோசியோ. 1809-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தவர். போர்த்துகீசிய வழிவந்த குடும்பம். சிறு வயதில் சில காலம் குமாஸ்தா வேலையும் பார்த்தவர். பதினேழாம் வயதிலேயே, பிற்காலத்தில் பிரெசிடென்சிக் கல்லூரியாக வளர்ந்த இந்துக் கல்லூரியில் ஆசிரியரானார். மாணவர்களுக்கும் அவருக்கும் வயதில் மிகச் சில ஆண்டுகளே வேற்றுமை. ‘எதையும் ஆராய்ந்து பார், இரு பக்க நியாயத்தையும் கேள்’ என்பதே அவர் கற்பித்த முறை. வகுப்பு முடிந்த பின்னும் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று வாதிட்டார்கள்.

அம்மாணவர்களுட் சிலர் இளமை வேகத்தில் வரம்பு மீறினார்கள் என்பதும் உண்மையே. குலத்தார் விலக்கிய உணவை உண்டார்கள். சடங்குகளை எள்ளி நகையாடினார்கள். பெற்றோர் அஞ்சியதற்குக் காரணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அச்சம் ஆசிரியரிடம் நேரே சென்று கேட்கவில்லை. வதந்தியாக உருமாறி ஊரைச் சுற்றியது. கடவுள் இல்லை என்று போதிக்கிறார் என்றார்கள். தாய் தந்தையர்க்குக் கீழ்ப்படிய வேண்டா என்கிறார் என்றார்கள். உடன்பிறந்தாரிடையே திருமணம் தகும் என்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். பிருந்தாவன் கோஷால் என்பவர் வீடு வீடாகச் சென்று இத்தகைய கதைகளைப் பரப்பினார் என்று அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. ஒரு மனிதர் நினைக்கப்படுவதற்கு எத்தகைய காரணம், பாருங்கள்!

1831 ஏப்ரல் 23-ஆம் நாள் கல்லூரியின் நிருவாகக் குழு கூடியது. தெரோசியோ ஆசிரியத் தொழிலுக்குத் தகுதியற்றவரா என்பது முதற்கேள்வி. தகுதியற்றவர் என்று சொல்லப் பெரும்பான்மையோர் முன்வரவில்லை. பின்னர் கேள்வி மாற்றப்பட்டது: நகரத்து இந்துக்களின் மனநிலையைக் கருதினால் அவரை நீக்குவது உசிதமா? இதற்குப் பெரும்பான்மையோர் ஆம் என்றனர். இது இந்துக்களின் மனநிலை பற்றிய கேள்வி என்பதால் வில்சனும் டேவிட் ஹேரும் வாக்களிக்கவில்லை. அன்பர்களே, இவ்விரண்டு கேள்விகளுக்கும் உள்ள வேற்றுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் தவறு செய்தாரா என்பது ஒருபுறம் நின்றுவிட்டது. அவரைப் பற்றிப் பேச்சு இருக்கிறது என்பதே நீக்குவதற்குப் போதிய காரணமாயிற்று. வம்பின் முழு வலிமையும் இதில் அடங்கியிருக்கிறது. அது மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, இருந்தாற் போதும்.

ஏப்ரல் 25-ஆம் நாள் தெரோசியோ தாமே விலகல் கடிதம் கொடுத்தார். அதில் அவர் குறித்த செய்திகள் இன்றும் படிப்பவர் நெஞ்சைத் தொடுவன. தம்மீது குற்றச்சாட்டு எதுவும் எழுதித் தரப்படவில்லை. அப்படி ஒன்று இருந்ததாயின் தமக்கு அது தெரிவிக்கப்படவில்லை. குற்றம் சாட்டியவரைத் தாம் எதிரே காணவில்லை. சாட்சி எவரும் விசாரிக்கப்படவில்லை. தம் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்பும் தரப்படவில்லை என்று வரிசையாக எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே வில்சன், அந்த மூன்று வதந்திகளும் மெய்யா என்று அவரைக் கேட்டு எழுதினார். தெரோசியோ ஏப்ரல் 26-ஆம் நாள் விரிவாக விடையளித்தார். கடவுளைப் பற்றிய ஐயங்களையும் அவற்றுக்கு அறிஞர் கூறிய மறுமொழிகளையும் சேர்த்தே மாணவர்முன் வைத்ததாகச் சொன்னார். பெற்றோரோடு பிணங்கிய மாணவர்களுக்குப் பணிந்து போகவே அறிவுரை கூறியதாகச் சொன்னார். மூன்றாவது கதையை அடியோடு மறுத்தார். எவ்வளவு தெளிவான விடை! ஆனால் கேள்வி வந்தது தீர்ப்புக்குப் பிறகு. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அவர் வாந்திபேதி கண்டு மறைந்தார், வயது இருபத்திரண்டு. தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

அவர் கற்பித்தது வீண்போகவில்லை. அவரால் ஊக்கம் பெற்ற ராம்தனு லாகிரி வங்கம் போற்றிய ஆசிரியரானார். தக்ஷிணாரஞ்சன் முகர்ஜி பின்னாளில் பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு நிலம் அளித்தார். ஐந்தாண்டுக் காலத்தில் இவ்வளவு விதைத்தவர் இன்னும் சில ஆண்டுகள் வகுப்பறையில் இருந்திருந்தால் எத்தனை மாணவர் பயன் பெற்றிருப்பர்! வம்பு பேசியவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ரயில்வேயில் வேலை செய்பவனுக்கு இதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றும். ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால் அடுத்த நிலையத்து அதிகாரி ‘லைன் கிளியர்’ தர வேண்டும். அச்சொல்லுக்குச் சான்றாகப் பல இடங்களில் ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றும் சொல்லப்படும். சொன்னவர் யார், கேட்டவர் யார், நேரம் என்ன, எண் என்ன என்பன பதிவேட்டில் ஏறும். ஏன் இத்தனை கட்டுப்பாடு? தவறான ஒரு சொல்லால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போகக்கூடும் என்பதால். அவ்வாறே, ஊழியர்மீது குற்றம் சாட்டுவதானால் 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி குற்றத்தை எழுத்தில் தர வேண்டும். அவர் விடை கூற வாய்ப்பளிக்க வேண்டும். பாயின்ட்ஸ்மேனுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் வம்புக்குச் சொன்னவர் பெயரில்லை, நேரமில்லை, எண்ணில்லை, விடை சொல்லுமிடமும் இல்லை. ‘ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்கள்’ என்பதே அதன் முகவரி. அந்த முகவரிக்கு யார் மறுப்புக் கடிதம் அனுப்ப முடியும்?

வதந்தி எப்போது வலுக்கிறது என்பதை ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த தங்கள் நூலில் ஆராய்ந்தார்கள். செய்தி கேட்போருக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். உண்மை நிலை தெளிவில்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் கூடினால் வதந்தி பெருகும். இரண்டில் ஒன்று இல்லையேல் அடங்கும் என்பது அவர்கள் கருத்து.

இதற்கு நம் மாநிலமே அண்மையில் சான்றாயிற்று. 2016-ஆம் ஆண்டுத் தேர்வின் வழியாக நியமிக்கப்பட்ட ஆசிரியர், பிற ஊழியர் ஏறத்தாழ 25,750 பேருடைய நியமனங்களை, முறைகேட்டைக் காரணங்காட்டிக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22-ஆம் நாள் ரத்துச் செய்தது. 2025 ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சில நாள் கழித்து, முறைகேட்டில் ஈடுபட்டதாகக் கண்டறியப்படாத ஆசிரியர்கள் மட்டும் அவ்வாண்டு இறுதிவரை பணியைத் தொடரலாம் என்று அனுமதித்தது. களங்கமுற்றோர் என ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் பெயர்களைத் தேர்வாணையம் வெளியிட்டது அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள்தான். இடைப்பட்ட ஐந்து திங்களில் நேர்மையாகத் தேறி வந்த ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வகுப்பில் நுழையும்போது பிள்ளைகளின் கண்கள் எதைத் தேடியிருக்கும்? ‘இவர் பணம் கொடுத்து வந்தவரா, படித்து வந்தவரா?’ என்னும் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, காற்றிலேயே நிற்கும். வழக்கின் நியாய அநியாயம் நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. செய்தி முக்கியமானது, உண்மை தெளிவற்றது. அந்த இடைவெளியில் வம்பு குடியேறியது. குற்றமற்ற பலர் குற்றவாளிகளின் நிழலில் நின்றார்கள். பள்ளி நிருவாகிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உண்மையைத் தக்க காலத்தில் சொல்லிவிட்டால் பாதி வதந்தி பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும்.

அப்படியானால் பிறரைப் பற்றிப் பேசவே கூடாதா? அவ்வாறு சொன்னால் அது மனித இயல்புக்கு ஒவ்வாத உபதேசமாகும். குரங்குகள் ஒன்றன் மேனியை ஒன்று தடவிக் கொடுத்து உறவு வளர்ப்பது போல, மனிதர் பிறரைப் பற்றிப் பேசியே கூட்டமாக வாழப் பழகினர் என்று ராபின் டன்பர் என்னும் ஆங்கில அறிஞர் 1996-ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். ஹௌராவுக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அத்தனை தொலைவு கடந்து வந்த நமக்கு எந்தப் பள்ளி நல்லது, எந்த மருத்துவர் கைராசிக்காரர் என்பதெல்லாம் ஒருவரிடம் ஒருவர் கேட்டுத்தான் தெரிந்தது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் நம்மிற் பலர் இந்நகரத்தில் காலூன்றியிருக்க முடியாது. ‘அந்த ஆசிரியை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்’ என்பதும் பிறரைப் பற்றிய பேச்சே. அத்தகைய பேச்சு பெருகட்டும்.

மெய்யாகவே பெருந்தவறு நடப்பதாக ஐயம் எழுந்தால் என் செய்வது? அப்போதும் வம்பு பேசுவது போதாது. அது தவறு செய்தவனையே காப்பாற்றும். பிள்ளையிடம் தகாத முறையில் ஒருவர் நடந்தார் என்று அறிந்தால் போலீசாரிடம் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமையாகும். 1098 என்னும் எண்ணிலும் உதவி கேட்கலாம். பணியிடத்திற் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால், பத்துப் பேரோ மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் விசாரணைக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே செய்தி பெரிதானால் பெயர் சொல்லிப் புகார் செய்ய வேண்டும்; சிறிதானால் உரியவரிடமே நேரிற் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் செய்யத் துணிவில்லாத செய்தி மூன்றாமவர் காதுக்கு உரியதன்று.

திருவள்ளுவர் புறங்கூறாமையைப் பத்தொன்பதாம் அதிகாரமாக வைத்து, பயனில சொல்லாமையை அதற்கடுத்த அதிகாரமாக வைத்தார். முகத்தெதிரே கடுமையாகச் சொல்வதைக்கூட அவர் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார். முதுகுக்குப் பின்னே சொல்வதைப் பொறுக்கவில்லை. நம் வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கிறது. அதன் கீழே அமர்ந்து நாம் பேசுவது என்ன?

லேக் மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் வாங்கும் இடத்திலே, இரு தாய்மார் சந்தித்தால் நடப்பது நமக்குத் தெரியாததா?

“மாமி, அந்தக் கணக்கு டீச்சர் சேதி கேட்டேளா?”

“என்னவாம்?”

“நமக்கென்ன தெரியும்? எல்லாரும் சொல்றா.”

பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுநாள் அந்த ஆசிரியை ஏதேனும் கடிந்து சொன்னால், அது ஏன் கேட்க வேண்டும்? தாய்மாரை மட்டும் குறை கூறுவதாக எண்ண வேண்டா. சங்க மண்டபத்தில் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு நாம் ஆடவர் பேசுவதும் இதே பேச்சுத்தான். குரல் மட்டும் சற்றுக் கனமாக இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு செய்தி காதில் விழுந்தால், ‘நீங்கள் நேரிற் பார்த்தீர்களா? அவரிடம் கேட்டீர்களா?’ என்று அன்போடு இரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலான வம்பு இவ்விரண்டு கேள்விகளைத் தாண்டாது. பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் குறைத்துப் பேசாதீர்கள். குறையிருந்தால் நாள் குறித்து நேரிற் சென்று சொல்லுங்கள். பெற்றோர் குழுவில் ஆசிரியர் பெயரோடு அவதூறு வந்தால் அதை வேறிடத்துக்கு அனுப்பாதீர்கள். ‘இதைப் பள்ளியிற் கேட்போம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். வம்பு கேட்டுத் தலையசைப்பவரும் வம்பில் பங்காளியே.

ஆசிரியைகள் வாழும் இல்லத்தாருக்கும் ஒரு சொல். மனைவியோ மகளோ மருமகளோ கண்கலங்கி வீடு வந்தால், ‘இந்த வேலை எதற்கு? விட்டுவிடு’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்பது விடுதலை அன்று, துணை. அமர்ந்து முழுதும் கேளுங்கள். வேலையை விட்டால் வம்பு மெய்யென்று ஊர் கருதும். ஒரு நல்ல ஆசிரியையும் பள்ளியை விட்டுப் போவார். கடிதம் எழுதிய அம்மையாருக்கும் என் பணிவான யோசனை இதுவே: தலைமையாசிரியரிடம் நடந்ததை எழுத்தில் தெரிவியுங்கள், மாலை வகுப்பைப் பள்ளியின் அனுமதியோடு, பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்து நடத்துங்கள். வெளிச்சத்தில் நடக்கும் செயலைச் சுற்றி வதந்தி வளர இடம் குறைவு. உடன் பணியாற்றுவோருள் ஒருவரேனும் உங்கள் பக்கத்தில் வந்தமர்ந்து உணவு உண்ணத் துணிவாராயின், பாதித் துயர் அன்றே தீரும்.

தெரோசியோவின் குழுவில் அவருக்காகப் பேசியவர் இல்லாமலில்லை. போதிய தொகையில் இல்லை. இன்று நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்காக ஒரு சொல் சொல்ல வேண்டிய இடம் நிருவாகக் குழுவன்று. நம் வீட்டுத் திண்ணையும் கடைத்தெருவுமே. அங்கே நாம் எல்லோரும் உறுப்பினர். எல்லோருக்கும் வாக்கு உண்டு.

வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளைப் பற்றி அடுத்த திங்கள் எழுத எண்ணம். அன்பர்கள் தம் கருத்துகளை முன்னதாகவே எழுதி அனுப்ப வேண்டுகிறேன், பெயரோடு.